பத்தாங் பெர்ஜுந்தையில் பறவை பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊர் 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறினாலும் எங்கள் வாயில் இது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். ஞாயிறு காலையில் கழுத்தில் பைனாகுலரோடு ஆற்றோரம் போகிறவர்களைப் பார்த்தால் ஊர் சும்மா விடுமா? சாப்பாட்டுக் கடையிலும் கோயில் வாசலிலும் தமிழ்ப்பள்ளி வேலியோரத்திலும் எங்களை நிறுத்திக் கேட்டவை இவை. சிலவற்றுக்குப் பதில் நீளும், சிலவற்றுக்கு ஒரு வரியே போதும்.

செம்பனைத் தோட்டத்தில் என்ன பறவை இருக்கப்போகிறது?

குறைவுதான். காட்டுப் பறவைகளில் பெரும்பாலானவை செம்பனைக்குள் வாழ்வதில்லை. எல்லா மரமும் ஒரே வயது, ஒரே உயரம். பொந்து விழுந்த கிழட்டு மரம் கிடையாது, பழம் தரும் அத்தி கிடையாது, அடியில் புதர் எழுந்தால் மருந்தடித்துவிடுவார்கள். மலேசியாவில் வியாபாரத்துக்காகச் செம்பனை முதன்முதலில் நடப்பட்டதே நம் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான், 1917இல். நூறு வருஷத்துக்கு மேல் ஒரே பயிர் பார்த்த மண்ணில் பறவை குறைந்திருப்பதில் ஆச்சரியமில்லை.

ஆனால் வெறுமை என்றும் சொல்ல முடியாது. சடக்கோரக் கம்பியில் வெண்மார்பு மீன்கொத்தி, பாரிட் என்னும் வடிகால் ஓரத்தில் ருவாக்-ருவாக் என்னும் கானாங்கோழி, மட்டைக் குவியலுக்குள் செம்போத்து, நிரைக்கு மேலே வட்டமிட்டுக்கொண்டு விசில் அடிக்கும் பாம்புக்கழுகு எல்லாம் அன்றாடம் கிடைக்கும். காட்டுக்கோழியும் உண்டு. சேவலுக்குக் கால் ஈய நிறமாக, வால் அடியில் வெள்ளைத் திட்டோடு இருந்தால் அது காட்டு ரத்தம். லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகளின்) வளர்ப்புக் கோழியோடு கலந்ததும் நிறையத் திரிகிறது, அதனால் உடனே சத்தியம் செய்துவிடாதீர்கள்.

இருபத்தைந்து வருஷம் போல ஆனதும் பழைய மரத்தைச் சாய்த்து மறுநடவு செய்வார்கள் அல்லவா? அந்த வெட்டவெளி முதல் இரண்டு மூன்று வருஷம் நல்ல இடம். வெள்ளை உடம்பும் கறுப்புத் தோளும் சிவப்புக் கண்ணுமாக ஒரு சிறிய பருந்து ஒரே இடத்தில் சிறகடித்து நின்று எலி தேடும். ஆட்காட்டி நம்மைக் கண்டதும் ஊரைக் கூட்டும்.

அப்படியானால் எங்கேதான் போவது?

ஓரங்களுக்கு. தோட்டத்தின் நடுவில் நாள் முழுக்க நடப்பதைவிட, தோட்டம் முடிந்து வேறொன்று தொடங்கும் இடத்தில் ஒரு மணி நேரம் நிற்பது மேல். நமக்கு அப்படி மூன்று ஓரங்கள் இருக்கின்றன: சுங்கை சிலாங்கூர் ஆற்றங்கரை, மிச்சமிருக்கும் ரப்பர், ஈயம் தோண்டி விட்டுப்போன பழைய ஈயக்குட்டை.

இதில் முதலிடம் ஆற்றுக்குத்தான். கரையோரம் மரம் விட்டிருக்கும் இடத்தில் அத்தி, மூங்கில், கொடி, செத்த மரம் எல்லாம் சேர்ந்திருக்கும். உள்காட்டிலிருந்து வெளியே வரத் தயங்கும் பறவை இந்த மரவரிசையைப் பிடித்துக்கொண்டுதான் இடம் மாறுகிறது. கரை மரத்தை வெட்டிவிட்டுச் செம்பனையைத் தண்ணீர் வரைக்கும் கொண்டுபோனால் அந்தப் பாதை அறுந்துபோகும். நீர்ப்பாசன வடிகால் துறையின் வழிகாட்டியில் 40 மீட்டருக்கு மேல் அகலமான ஆற்றுக்கு இரண்டு கரையிலும் 50 மீட்டர் ஒதுக்கிவிட வேண்டும், சிறிய ஓடை என்றால் 5 மீட்டர். எங்கே அது உண்மையில் விடப்பட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்கப் பறவையையே கேட்கலாம். பெரிய சிவப்பு அலகு மீன்கொத்தி, பெரிய தலையோடு, சிரிக்கிற மாதிரி கத்திக்கொண்டு தண்ணீரை ஒட்டிப் பறந்தால் அங்கே கரை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அந்தி நேரத்தில் மீன் பிடிக்கும் ஆந்தையும் இதே கரைகளில்தான்.

பச்சைப்புறாவை மறக்கக்கூடாது. அத்தி பழுத்தால் நூற்றுக்கணக்கில் இறங்கும். ஆண் கழுத்தில் இளஞ்சிவப்பு, மார்பில் ஆரஞ்சு. அவ்வளவு நிறத்தோடு இலைக்குள் உட்கார்ந்தால் கண்ணுக்கே தெரியாது, பழம் உதிர்வதை வைத்துத்தான் தேட வேண்டும். அதே மரத்தடியில் விசிறிவால் குருவி ஒன்று வாலை விரித்து மடக்கி நிலைகொள்ளாமல் ஆடும். மலாய்க்காரர்கள் அதை ‘முராய் கிலா’ என்பார்கள். ஐந்து நிமிஷம் பார்த்தால் காரணம் புரியும்.

ஆறு கீழே கம்போங் குவாந்தான் பக்கம் போகப் போகக் கரையில் பெரெம்பாங் மரம் வரும். மின்மினிக்கு ஊரே அறிந்த இடம். மின்மினிக்கு வேண்டிய அதே கரைதான் பறவைக்கும் வேண்டும்.

ரப்பர் தோட்டத்துக்கு எப்போது போகலாம்?

இலை உதிரும் காலத்தில். ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள், மழை விட்டு வெயில் காய்ந்ததும், ரப்பர் மொத்தமாக மொட்டையாகும். தரையில் சருகு, தலைக்கு மேல் வானம். வருஷம் முழுக்கப் பச்சையாக இருக்கும் இந்த நாட்டில் வறண்ட காட்டில் நடக்கிற உணர்வு கிடைக்கும் இடமும் காலமும் இதுதான். இலை மறைக்காததால் புதிதாகத் தொடங்குகிறவர்களை நான் முதலில் இங்கேதான் கூட்டிப்போவேன்.

பொன்முதுகு மரங்கொத்தி தண்டைச் சுற்றி ஏறுவது முழுதாகத் தெரியும். குக்குறுவான் உச்சிக் கிளையில் உட்கார்ந்து டொங்க் டொங்க் என்று செம்பு தட்டும். மாங்குயில் மஞ்சளாக ஒரு கோடு போட்டுக்கொண்டு போகும். செத்த மரத்து நுனியில் கறுப்பாக ஒன்று அசையாமல் இருந்தால் பைனாகுலரில் பாருங்கள், சிவப்பு அலகும் நீலப்பச்சை உடம்பும் தெரியும். சிறகில் வெள்ளி நாணயம் போல வட்டம் இருப்பதால் ஆங்கிலேயர் அதற்கு டாலர் பறவை என்று பெயர் வைத்தார்கள். தமிழ்நாட்டுப் பனங்காடையின் உறவு.

நம் பக்கம் ரப்பர் இப்போது சிறுதோட்டக்காரர்களிடம் துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. பால்வெட்டுக்கு ஆள் இல்லாமல் காடடைந்து கிடக்கும் துண்டாக இருந்தால் இன்னும் நல்லது. சொந்தக்காரருக்கு அல்ல, நமக்கு.

ஈயக்குட்டையில் மீன் பிடிப்பார்கள், பறவையும் இருக்கிறதா?

கப்பல் வைத்து ஈயம் வாரிய காலம் போய்க் குட்டைகள் மட்டும் நிற்கின்றன. ஓரத்துக் கோரையில் செந்நாரை, நீலக்கோழி, சீட்டியடிக்கும் தாரா. மணல்மேடு இன்னும் முக்கியம், ஏனென்றால் நீலத்தொண்டைப் பஞ்சுருட்டான் மண்ணில் வளை தோண்டித்தான் முட்டையிடும். அந்த மணலில் மோட்டார் ஓட்டிப் பழகும் தம்பிமார்கள் ஏப்ரல், மே மாதங்களில் கொஞ்சம் தள்ளி ஓட்டினால் புண்ணியம்.

எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

விடியும் முன் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போன தலைமுறைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெளிச்சம் வரும் முன் இடத்தில் இருக்க வேண்டும். ஏழேகாலிலிருந்து ஒன்பதரை வரை நல்ல நேரம், பத்துக்கு மேல் பறவையும் நிழல் தேடிப்போகும். பருந்து வகைகள் மட்டும் விதிவிலக்கு. தரை சூடாகி வெப்பக்காற்று மேலெழுந்தால்தான் அவை உயரும், ஆகவே பத்திலிருந்து மத்தியானம் வரை வானத்தைப் பாருங்கள்.

தோட்டத்தில் கம்பத்தின் மேல் பெட்டி வைத்திருக்கிறார்களே, அது எதற்கு? ஆந்தை அலறினால் சாவு என்பார்களே?

அது கூகைக்கு வைத்த வீடு. செம்பனைப் பழத்தைத் தின்பதில் எலிக்கு நிகரில்லை. வெட்டிப்போட்ட மட்டைக்கு அடியில் குடியிருந்து குலையிலேயே சாப்பிடும். கூகைக்கு எலியே பிரதான உணவு. இரண்டும் சேர்ந்ததால் முன்பு இந்தத் தீபகற்பத்தில் அபூர்வமாக இருந்த கூகை, செம்பனை பரவிய பிறகு பெருகியது. செம்பனையில் பொந்து இல்லாததால் முட்டையிட இடம் மட்டும் குறை. அதைத்தான் பெட்டி தீர்க்கிறது. சுமார் 10 ஹெக்டருக்கு ஒரு பெட்டி என்பது பல தோட்டங்களின் கணக்கு. பெட்டியின் கீழே கறுப்பாக உருண்டை உருண்டையாகக் கிடப்பது எச்சம் அல்ல. செரிக்காத எலும்பையும் மயிரையும் அது வாயால் கக்கிவிடும். பிள்ளைகளிடம் ஓர் உருண்டையைக் கொடுத்து ஈர்க்குச்சியால் பிரிக்கச் சொன்னால் எலியின் மண்டையோடு முழுசாக வரும். அறிவியல் பாடத்துக்கு அதைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியாது. பிரித்த பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வைக்க வேண்டும்.

சிக்கல் எலிப்பாஷாணத்தில் இருக்கிறது. வார்ஃபரினுக்குப் பிறகு வந்த புரோடிஃபக்கும் போன்ற புதுவகை மருந்து எலியின் உடம்பில் தங்கும். அந்த எலியைத் தின்ற கூகையும் ரத்தம் கசிந்து சாகும். பெட்டியையும் வைத்து இந்த மருந்தையும் போடும் தோட்டம் தன் காவலாளுக்குத் தானே விஷம் வைக்கிறது. தண்டல் (கங்காணி), கிராணி (கணக்கர்) வேலையில் இருக்கும் நம் ஆட்கள் நிர்வாகத்திடம் இதை எடுத்துச் சொல்லலாம்.

சாவு விஷயத்துக்கு வருவோம். கூகை குழறுவதைவிடக் கீச்சென்று கிழிப்பதுதான் அதிகம், இருட்டில் முதல்முறை கேட்டால் யாருக்கும் வயிறு கலங்கும். லயத்தில் முடியாமல் கிடந்தவர் வீட்டில் இரவெல்லாம் விளக்கு எரியும், விளக்குக்குப் பூச்சி வரும், சோற்றுப் பானைக்கு எலி வரும், எலிக்கு ஆந்தை வரும். அது வந்த வரிசை இதுதான்.

பைனாகுலர் என்ன வாங்குவது?

8×42. எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர் அகலம். மரத்தடி இருட்டில் அந்த அகலம்தான் வெளிச்சத்தைத் தரும். பன்னிரண்டு மடங்கு, இருபது மடங்கு என்று ஆசைப்பட்டால் கை நடுங்குவதுதான் பெரிதாகத் தெரியும். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் விற்கும் சிவப்புக் கண்ணாடி வகை பிள்ளைகள் விளையாட மட்டும்.

கைப்பேசியில் பறவைச் சத்தத்தை வைத்தால் பெயர் சொல்லுமாமே?

மெர்லின் என்ற செயலி சொல்லும், இலவசம். மலேசியத் தொகுப்பை வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள், ஆற்றோரத்தில் சிக்னல் கிடைக்காது. அது சொன்னதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யாமல் குறிப்பில் எழுத வேண்டாம். பின்னால் ஓடும் டிராக்டரைக்கூடச் சில நேரம் பறவையாக்கிவிடும். பார்த்ததை இ-பேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் பதிந்தால் நம் ஊர்ப் பெயரில் கணக்கு சேரும்.

பதிவு செய்த குரலைச் சத்தமாகப் போட்டுப் பறவையைக் கிட்டே இழுப்பது வேறு விஷயம். தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து அது கூட்டை விட்டு வந்து அலையும். ஒரு படத்துக்காக அதைச் செய்கிறவர்களோடு நாங்கள் போவதில்லை.

எந்த மாதம் நல்ல மாதம்?

செப்டம்பரிலிருந்து ஏப்ரல். வடக்கே குளிர் தொடங்கியதும் சீனா, ஜப்பான், சைபீரியா பக்கத்துப் பறவைகள் தெற்கே இறங்கும். சாயங்காலம் கடைத்தெருக் கம்பிகளில் வரிசையாக உட்காரும் தகைவிலான் குருவிகளும் அப்படி வந்தவைதான். பெந்தோங் பட்டணம் இதற்குப் பேர்போனது. காரை அடியில் நிறுத்திவிட்டுத் திட்டுவதைவிடத் தள்ளி நிறுத்துவது எளிது. கறுப்புத் தொப்பி வைத்த மீன்கொத்தியும் நீலவால் பஞ்சுருட்டானும் இதே பருவத்து விருந்தாளிகள்.

வருஷத்தில் ஒருமுறையாவது மார்ச்சில் போர்ட் டிக்சன் பக்கத்துத் தஞ்சோங் துவானுக்குப் போய்வாருங்கள். சுமத்ராவிலிருந்து வடக்கே திரும்பும் தேன்பருந்துகள் நீரிணை ஒடுங்கும் அந்த இடத்தில் 38 கிலோமீட்டர் கடலைக் கடந்து கரையேறும். கடல்மேல் வெப்பக்காற்று எழும்பாது, சிறகடித்தே வர வேண்டும். அதனால் களைத்துப்போய்க் கலங்கரை விளக்கத்துக்கு மேல் தாழ்வாக வரும். 1940இல் தொடங்கிய மலேசிய இயற்கைச் சங்கம் 2000ஆம் ஆண்டிலிருந்து அங்கே இதற்கென விழா நடத்திவருகிறது.

இருவாச்சி இங்கே வருமா?

வரும். மலேசியாவின் 10 வகை இருவாச்சிகளில் தோட்டப்புறத்துக்கும் ஆற்றோரத்துக்கும் துணிந்து வருவது கறுப்பு வெள்ளை வகை. அத்தியும் பப்பாளியும் தின்னும், ஓணான், குருவிக்குஞ்சும் விடாது. பெண் மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ளும், ஒரு கீறல் வழியாக ஆண் வாரக்கணக்கில் ஊட்டும். அந்தப் பொந்துக்குக் கிழட்டு மரம் வேண்டும். கோயில் அரசமரத்தைச் சிமெண்டுத் தரைக்காக வெட்டலாமா என்று கமிட்டியில் பேச்சு வந்தால் இதையும் ஞாபகம் வையுங்கள்.

தாத்தா மெர்போக் புறா வளர்த்தார், நான் வளர்க்கக் கூடாதா?

2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், சட்டம் 716, வந்த பிறகு பாதுகாக்கப்பட்ட பறவையைப் பிடிக்க, வைத்திருக்க, விற்க உரிமம் வேண்டும். முழுப் பாதுகாப்புப் பட்டியலில் இருப்பதைத் தொடவே கூடாது. வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் கேட்காமல் எதையும் வாங்காதீர்கள். ‘கூண்டில் பிறந்தது’ என்று கடைக்காரர் சொல்வது உரிமம் ஆகாது.

சட்டத்தைவிட எனக்கு வருத்தம் பாராவ்-பாராவ் பற்றித்தான். வைக்கோல் நிறத் தலையுடைய பெரிய கொண்டைக்குருவி, முழுக்க முழுக்க ஆற்றோரப் பறவை. இணையாக உட்கார்ந்து மாறி மாறிப் பாடும், அந்தக் குரலே அதற்கு எமன். கூண்டுக்காகப் பிடித்துப் பிடித்துத் தாய்லாந்திலும் ஜாவாவிலும் இல்லாமல் போய்விட்டது. 2018இல் உலகப் பட்டியலில் மிகவும் ஆபத்தான நிலைக்கு ஏற்றினார்கள். இப்போது சிங்கப்பூரில்தான் ஓரளவு நிம்மதியாக இருக்கிறது. சிலாங்கூர் ஆற்றோரத்தில் யாராவது அதைக் கேட்டால் இடத்தை முகநூலில் போடாதீர்கள். பொறி வைக்கிறவனும் முகநூல் படிப்பான்.

செம்போத்து எண்ணெய் எலும்பு முறிவுக்கு நல்லதாமே?

இல்லை. குஞ்சின் காலை ஒடித்து, தாய் மூலிகை கொண்டுவரும் என்று காத்திருப்பார்கள். ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போடுங்கள்.

காக்காயைப் பார்ப்பதும் பறவை பார்ப்பதுதானா?

தாராளமாக. அதன் கதையும் நம் கதையும் ஒரே கப்பல் கதை. கிள்ளான் பக்கம் காப்பித் தோட்டங்களில் புழு பெருத்தபோது, சுமார் 1900ஐ ஒட்டிய காலத்தில், இலங்கையிலிருந்து வீட்டுக் காகத்தைக் கொண்டுவந்து விட்டார்கள். காப்பி போனது, காகம் தங்கிவிட்டது. அதன் கூட்டில் முட்டையிடும் குயிலும் பின்னாலேயே பெருகியது. விடிகாலையில் குயில் கத்தி எழுப்புகிறது என்று கோபப்படுகிறவர்கள் அந்தக் காலத்துத் தோட்டத்துரையைத்தான் கோபிக்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்குப் போகிறோம். அங்கே என்ன பார்க்கலாம்?

டிசம்பர், ஜனவரி என்றால் சரியான சமயம். சொந்த ஊர் எதுவானாலும் பக்கத்தில் ஒரு கருவேலங்காடு, ஒரு கண்மாய் இருக்கும். முள்காட்டில் கவுதாரி, மயில், கொண்டலாத்தி, மின்கம்பியில் பனங்காடை. அங்கே வெளி திறந்து கிடப்பதால் பறவை தூரத்திலேயே தெரியும், நம்மையும் அது தூரத்திலேயே பார்த்துவிடும். மெதுவாகப் போங்கள். திருச்சிப் பக்கம் காவிரிக் கரையில் மருதமும் நாவலும் புங்கமும் நிற்கும் இடங்களில் நம் ஆற்றோரத்துச் சொந்தங்களே இருக்கும்: மீன்கொத்தி, மாங்குயில், செம்போத்து, குக்குறுவான்.

வேடந்தாங்கலை எல்லோருக்கும் தெரியும். சிவகங்கைக்காரர்கள் வேட்டங்குடியைப் பாருங்கள். அங்கே கொள்ளுகுடிப்பட்டி மக்கள் பறவைக்காகத் தீபாவளிக்கே வெடி வெடிப்பதில்லை.

கோலசிலாங்கூரில் படகில் போய்ப் பருந்துக்குத் தீனி போடுகிறார்களே, போகலாமா?

நான் போவதில்லை. கோழித்தோலை வீசினால் கருடன் நூறு வரும், படமும் நன்றாக இருக்கும். தோலும் கொழுப்பும் அதற்கான சாப்பாடு அல்ல, வேட்டையும் மறந்துபோகும். அந்தப் பணத்துக்கு அங்கேயே இருக்கும் இயற்கைப் பூங்காவுக்குப் போகலாம். 1987இலிருந்து இருக்கிறது. நடைபாதை உண்டு, பார்வைக் கோபுரம் உண்டு.

தோட்டத்துக்குள் போனால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்களா? பாம்பு இருக்குமே?

சொல்வார்கள். தனியார் நிலம், முதல்நாளே ஆபீசில் கேளுங்கள். காவலுக்கு நிற்கும் ஜாகாவிடம் வண்டி எண்ணைக் கொடுத்துவிட்டுப் போங்கள். குலை திருடன் என்று நினைத்து நிறுத்துவது அவர் வேலை. மருந்தடிக்கும் நிரைக்கும் குலை வெட்டும் நிரைக்கும் போகவே கூடாது, இருபது கிலோ குலை தலையில் விழுந்தால் பறவை பார்க்கத் தலை இருக்காது. ராஜா மூசா சதுப்புக்காட்டுக்கு வனத்துறை அனுமதி வேண்டும். வெயில் காலத்தில் தீப்பிடிக்கும் காடு அது, சிகரெட்டை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

எலி இருக்கும் இடத்தில் நாகம் இருக்கும். முழங்கால் வரை பூட்ஸ், மட்டைக் குவியலைக் கையால் புரட்டாமை, இவ்விரண்டும் போதும். குளவிக்கூட்டைக் கண்டால் சத்தமில்லாமல் வந்த வழியே திரும்புங்கள்.

குஞ்சு கீழே விழுந்து கிடந்தால் என்ன செய்வது?

சிறகு முளைத்துத் தத்தித் தத்திப் போகிறது என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். தாய் பக்கத்தில்தான் இருக்கும், பூனையை மட்டும் விரட்டுங்கள். மயிர்கூட முளைக்காத குஞ்சாக இருந்து கூடும் எட்டினால் எடுத்து வைத்துவிடுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது பொய். மறுநடவின்போது பெட்டி சாய்ந்து கூகைக்குஞ்சு வெளியே விழுந்தால் காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில், இருட்டில், சத்தமில்லாத இடத்தில் வைத்து பெர்ஹிலித்தானைக் கூப்பிடுங்கள். பாலும் சோறும் ஊட்ட வேண்டாம், வாயில் தண்ணீரும் ஊற்ற வேண்டாம், நுரையீரலுக்குப் போய்விடும்.